அனுபவம் எப்போது முன்னறிவாகிறது?

சீன அரசு 2024 செப்டம்பரில் ஓய்வு வயதை உயர்த்த முடிவெடுத்தது. ஆண்களுக்கு 60 ஆக இருந்த ஓய்வு வயது, 2025 ஜனவரி தொடங்கி 15 ஆண்டுகளில் படிப்படியாக 63 ஆகிறது. அதே 2024இன் ஜூலையில், 81 வயதான ஜோ பைடன் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் போட்டியிலிருந்து விலகினார். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59ஆகவும், அடுத்த ஆண்டில் 60ஆகவும் உயர்ந்தது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் மோதிக்கொள்கின்றன: வயது கூடக்கூட அறிவு முதிர்கிறது என்பது ஒன்று, வயது கூடக்கூட அறிவு மங்குகிறது என்பது மற்றொன்று.

இரண்டுக்கும் ஆய்வுச் சான்றுகள் உண்டு. இரு தரப்பினரும் ‘அறிவு’ என்று சொல்லும்போது வெவ்வேறு திறன்களைச் சுட்டுவதாலேயே குழப்பம் தீராமல் இருக்கிறது. ஆகவே அந்தத் திறன்களைத் தனித்தனியே பிரித்து, வயதோடு எது வளர்கிறது, எது தேய்கிறது, அனுபவம் எந்தச் சூழலில் வரப்போவதை உணரும் ஆற்றலாக மாறுகிறது என்று பார்ப்போம்.

அடிப்படைச் சொற்கள்

1. அனுபவம்: ஒருவர் நேரில் சந்தித்த நிகழ்வுகளின் தொகுப்பு. காலம் போனால் இது தானாகவே பெருகும்.

2. தேர்ச்சி: அந்த நிகழ்வுகளிலிருந்து ஒழுங்குகளைக் கண்டுகொண்டு, புதிய சூழலில் சரியாகச் செயல்படும் திறன். இது தானாகப் பெருகுவதில்லை.

3. முன்னறிவு: இன்று தெரியும் அறிகுறிகளைக் கொண்டு நாளை நடக்கக்கூடியதை உணர்வது. தேர்ச்சியின் ஒரு பகுதிதான் இது; ஆனால் ஒழுங்கு உள்ள துறைகளில் மட்டுமே கைகூடும்.

4. ஞானம்: தன் அறிவின் எல்லையை அறிந்து, பிறர் நலனையும் கணக்கில் கொண்டு, உறுதியற்ற நிலையிலும் நிதானமாக முடிவெடுக்கும் பண்பு.

முதலாவது இருந்தால் மற்ற மூன்றும் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே இந்த விவாதத்தில் நிகழும் முதன்மையான தவறு.

மூளையின் திறன்கள் ஒரே வயதில் உச்சம் தொடுவதில்லை

உளவியலாளர் ரேமண்ட் கேட்டலும் அவருடைய மாணவர் ஜான் ஹார்னும் 1960களில் நுண்ணறிவை இரண்டாகப் பிரித்தார்கள். முன்பின் பார்த்திராத சிக்கலை விரைவாக அவிழ்க்கும் திறனைப் பாயும் நுண்ணறிவு என்றும், கற்றும் பழகியும் சேர்ந்த அறிவைத் திரண்ட நுண்ணறிவு என்றும் தமிழில் சொல்லலாம். முன்னது இளமையிலேயே உச்சம் அடைந்து மெதுவாகக் குறைகிறது; பின்னது நடுவயதைத் தாண்டியும் வளர்கிறது. 2015இல் ஜோஷுவா ஹார்ட்ஷோர்ன், லாரா ஜெர்மைன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நுணுக்கமாகக் காட்டியது. தகவலைக் கையாளும் வேகம் இருபது வயதை ஒட்டியே உச்சம் தொடுகிறது. பிறருடைய கண்களைப் பார்த்து அவர்கள் உணர்வை அறியும் திறன் நடுவயதில் உச்சத்தில் இருக்கிறது. சொல்வளம் அறுபதுகளிலும் கூடிக்கொண்டே போகிறது. எனவே “மூளை எந்த வயதில் உச்சத்தில் இருக்கும்?” என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒரே நாளில் 25 வயதினரையும் 70 வயதினரையும் தேர்வில் உட்காரவைத்து ஒப்பிட்டால், முதுமையின் சரிவு உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அந்த 70 வயதினர் வளர்ந்த காலத்தில் பள்ளிப்படிப்பும் ஊட்டச்சத்தும் மருத்துவமும் வேறாக இருந்தன. இந்தியாவில் 1951 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றவர்கள் ஏறத்தாழ 18 விழுக்காடு மட்டுமே. அந்தத் தலைமுறையையும் இன்றைய பட்டதாரிகளையும் ஒரே தேர்வால் அளந்துவிட்டு வயதின் மேல் பழிபோடுவது நியாயமாகாது. வார்னர் ஷாயி 1956இல் சியாட்டிலில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, அதே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்தது. பெரும்பாலான திறன்களில் குறிப்பிடத்தக்க சராசரிச் சரிவு 60 வயதுக்குப் பிறகே தொடங்குகிறது என்பதும், ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது என்பதும் அதிலிருந்து தெரிந்தன.

தேர்ச்சி உருவாகும் விதம்

வேகம் குறைந்த மூளை எப்படிச் சில வேளைகளில் இளைய மூளையைவிட முன்கூட்டியே ஆபத்தை உணர்கிறது? இதற்கான விளக்கம் சதுரங்கப் பலகையில் கிடைத்தது. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகியோரின் 1973ஆம் ஆண்டு சோதனையில், உண்மையான ஆட்டத்தின் நடுக்கட்ட நிலையைத் தேர்ந்த ஆட்டக்காரர் ஐந்து நொடி பார்த்துவிட்டுக் காய்களைப் பெருமளவு சரியாக அடுக்கிக் காட்டினார். அதே காய்களைத் தாறுமாறாகப் பரப்பிவைத்தபோது அவருடைய நினைவு தொடக்கநிலை ஆட்டக்காரரின் நினைவைவிட மேலானதாக இல்லை. பொதுவான நினைவாற்றலில் அவருக்குத் தனிச்சிறப்பு ஏதும் கிடையாது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பழகிய அமைப்புகள் அவர் மனத்தில் அடுக்கப்பட்டிருந்தன. பலகையைக் கண்டதும் அவர் அவற்றை அடையாளம் கண்டார்.

உளவியலாளர் கேரி கிளைன் 1980களில் அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்தபோது இதே வழிமுறையைக் களத்தில் கண்டார். அவர் பதிவு செய்த நிகழ்வு ஒன்று இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒரு வீட்டின் சமையலறையில் தீ. அதிகாரி தன் குழுவினரோடு உள்ளே சென்று தண்ணீர் பாய்ச்சுகிறார், தீ தணியவில்லை. முன்னறையின் வெப்பம் அந்த அளவுத் தீக்குப் பொருந்தாத அளவு அதிகமாக இருக்கிறது. சத்தமோ இருக்கவேண்டியதைவிடக் குறைவாக இருக்கிறது. ஏதோ சரியில்லை என்று உணர்ந்து எல்லாரையும் வெளியேற்றுகிறார். அவர்கள் வெளியே வந்த சிறிது நேரத்தில் தரை இடிந்து விழுகிறது. தீயின் மூலம் அவர்கள் நின்ற தரைக்குக் கீழே, நிலவறையில் இருந்தது. அப்படி ஓர் அறை இருப்பதே அவருக்குத் தெரியாது. தன்னைக் காத்தது ஏதோ ஓர் ஆறாம் புலன் என்றே அந்த அதிகாரி நம்பியிருந்தார். நடந்தது வேறு: சமையலறைத் தீ எப்படி நடந்துகொள்ளும் என்ற எதிர்பார்ப்பு அவரிடம் மிகத் தெளிவாக இருந்தது; கண்ட காட்சி அதிலிருந்து விலகியதும் மனம் எச்சரித்தது.

முன்னறிவு என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி இதுதான். வழக்கமானது எது என்று ஆழமாக அறிந்தவருக்கே வழக்கத்துக்கு மாறானது உடனே உறைக்கிறது. புதியவருக்கு எல்லாமே புதிது என்பதால் எதுவும் விலகலாகத் தெரிவதில்லை.

அனுபவம் பொய்க்கும் இடங்கள்

உள்ளுணர்வை ஐயுற்ற உளவியலாளர் டேனியல் கானமனும், அதை மதித்த கிளைனும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த இருவரும் அதில் உடன்பட்டுச் சொன்ன நிபந்தனைகள் இரண்டு:

1. அந்தத் துறையில் மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கு இருக்க வேண்டும். அதாவது, அறிகுறிக்கும் விளைவுக்கும் நிலையான தொடர்பு வேண்டும்.

2. அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ள வாய்ப்பு வேண்டும். எடுத்த முடிவு சரியா தவறா என்பது விரைவாகவும் ஐயமின்றியும் தெரியவர வேண்டும்.

இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நாற்பது ஆண்டு அனுபவம் தன்னம்பிக்கையை மட்டுமே வளர்க்கும். உளவியலாளர் பிலிப் டெட்லாக் 284 வல்லுநர்களிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அரசியல், பொருளாதாரக் கணிப்புகளைத் திரட்டினார். மொத்தம் 82,000க்கும் மேற்பட்ட கணிப்புகள். எளிய கணக்கு விதிகள் தந்த கணிப்புகளைக்கூட வல்லுநர்களால் பெரும்பாலும் விஞ்ச முடியவில்லை. ஓர் ஆட்சி கவிழுமா என்ற கேள்விக்கு விடை வர ஆண்டுகள் ஆகும். வந்தபிறகும் ஏன் அப்படி நடந்தது என்பதற்குப் பத்து விளக்கங்கள் இருக்கும். ஆகவே அங்கே கற்றல் நிகழ்வதில்லை. நாளைக்கு மழை உண்டா என்று கணிக்கும் வானிலையாளருக்கோ மறுநாளே விடை கிடைத்துவிடுகிறது.

மருத்துவத்தில் இதன் இன்னொரு வடிவம் தெரிகிறது. மருத்துவர்களின் பணி அனுபவத்தையும் சிகிச்சையின் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளை 2005இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. பாதிக்கும் மேற்பட்ட ஆய்வுகளில், பணியாண்டுகள் கூடியபோது தரம் குறைந்திருந்தது. பரிந்துரைகள் மாறும்போது அவற்றைத் தொடர்ந்து கற்காதவர், தான் படித்த காலத்து முறையிலேயே நின்றுவிட்டிருக்கலாம் என்பது இதற்கான விளக்கங்களில் ஒன்று. மூத்த மருத்துவர்கள் எல்லாரையும் ஐயுற இது காரணமாகாது. ஆண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் தரத்தின் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இது போதும்.

எல்லாவற்றினும் துயரமானது கத்ரீனா புயலின் பாடம். 1969இல் அமெரிக்காவின் மிசிசிப்பிக் கரையைக் கமீல் என்ற கொடும்புயல் தாக்கியது. 2005இல் கத்ரீனா கரையைக் கடந்தபோது அதன் காற்று கமீலைவிட வலுக் குறைந்தது. கமீலையே தாங்கிய வீடு இது என்று எண்ணிப் பலர் வெளியேறாமல் இருந்தார்கள். ஆனால் கத்ரீனா பரப்பளவில் மிகப் பெரிய புயல். அது கிளப்பிய கடல்நீர் ஏற்றம் மிசிசிப்பிக் கரையில் 8 மீட்டரைத் தாண்டி, கமீலின் உயரத்தையும் விஞ்சியது. அவர்களின் நினைவு பிழையானது அன்று. 1969இல் நடந்ததை அவர்கள் சரியாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு நிகழ்வை அந்த வகை நிகழ்வுகள் அனைத்துக்கும் மேல்வரம்பாகக் கொண்டதுதான் உயிரைப் பறித்தது.

ஞானம்: தன் எல்லையை அறிதல்

பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பவுல் பால்டெஸ் 1980களிலிருந்து ஞானத்தை அளக்கக்கூடிய ஒன்றாக வரையறுக்க முயன்றார். வாழ்வைப் பற்றிய அறிவு, அதைச் செயல்படுத்தும் வழிகள், சூழலைப் புரிதல், பிறர் மதிப்பீடுகளை ஏற்றல், உறுதியின்மையை உணர்ந்து கையாளுதல் என ஐந்து அளவுகோல்களை அவருடைய குழு வகுத்தது. வளரிளம் பருவத்திலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை இந்த மதிப்பெண் தெளிவாக உயர்கிறது. அதன்பின் எழுபதுகள் வரை, வயதோடு அது தானாக உயர்வதில்லை, பெரிதாகக் குறைவதுமில்லை. இகோர் கிராஸ்மன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்விலோ, சமூகப் பிணக்குகளைப் பல கோணங்களிலிருந்து பார்ப்பதிலும் தம் அறிவின் வரம்பை ஒப்புக்கொள்வதிலும் முதியவர்கள் இளையோரைவிட மேலாக இருந்தார்கள். இரண்டும் முரண்படுவதாகத் தோன்றலாம். அளந்த பொருள் ஒன்றில்லை என்பதே உண்மை. எப்படியாயினும், முதுமை ஞானத்துக்கு வாய்ப்பளிக்கிறது, உறுதியளிப்பதில்லை என்ற முடிவுக்கு இரண்டு ஆய்வுகளும் இடமளிக்கின்றன.

முதியோருக்கு ஈடில்லாத ஓர் இடம்: அரிய நிகழ்வுகள்

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு, விரைவான விடை கிடைக்கும் துறைகளில் மட்டுமே அனுபவம் பயன்படும் என்று முடிவு செய்தால் அது பெரும்பிழையாகும். முப்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வரும் பேரிடரை யாரும் பலமுறை பழகிக் கற்க முடியாது. அங்கே ஒருவர் ஒருமுறை பார்த்திருப்பதே அரிய செல்வம்.

தான்சானியாவின் தரங்கிரே தேசியப் பூங்காவில் 1993இல் கடும் வறட்சி. ஆய்வாளர்கள் கண்காணித்த யானைக் குடும்பங்களில் 81 குட்டிகளில் 16, ஒன்பது மாதங்களுக்குள் இறந்தன. வழக்கமான ஆண்டுகளில் குட்டிகளின் இறப்பு 2 விழுக்காடுதான். அங்கிருந்த மூன்று குலங்களில் இரண்டு, பூங்காவை விட்டு வேறிடம் தேடிச் சென்றன. அவற்றில் இழப்பு குறைவு. பூங்காவுக்குள்ளேயே தங்கிய குலத்தில்தான் பெரும்பான்மைச் சாவுகள். அந்தக் குலம் 1970களிலும் 80களிலும் தந்தத்துக்கான வேட்டையில் தன் மூத்த பெண் யானைகளை இழந்திருந்தது. இதற்கு முந்தைய பெரும் வறட்சி 1958 முதல் 1961 வரை நிகழ்ந்தது. வெளியேறிய குலங்களின் தலைவி யானைகளில் சில அந்த வறட்சியைக் குட்டிப் பருவத்தில் கண்டிருக்கக்கூடிய வயதினவை என்பதால், தண்ணீர் இருக்கும் திசையைப் பற்றிய நினைவே அவற்றை நடத்தியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தந்தத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு மூதாட்டி யானையோடு, பல ஆண்டுகள் கழித்துக் குட்டிகளைக் காக்கவேண்டிய வழியும் அழிந்துபோனது. மனிதச் சமூகங்களுக்கும் இது முழுக்கப் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இந்தோனேசியாவின் சிமெலூ தீவை 1907இல் ஆழிப்பேரலை தாக்கிப் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. தீவினர் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, பாட்டன் பாட்டிமார் வழியே கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். அதன் உள்ளடக்கம் மிகச் சுருக்கமானது: நிலம் கடுமையாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், பொருளை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவுக்கு அலை சில நிமிடங்களில் வந்தது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். இந்தியப் பெருங்கடலில் அன்று எந்த எச்சரிக்கை அமைப்பும் இல்லை.

அதே நாளில் தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 8,000 பேரை இழந்தோம். அவர்களில் பெரும்பகுதியினர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். அலை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஆயினும் கடல் உள்வாங்குவதன் பொருளை அறிந்தவர் கரையில் இல்லை. கடல் உள்வாங்கிய இடங்களில் வேடிக்கை பார்க்கச் சென்றவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. நம் மீனவ முதியோர் காற்றையும் நீரோட்டத்தையும் நுட்பமாக அறிந்தவர்கள். புயலின் குணத்தை அவர்கள் வாழ்நாளில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயல் இன்றும் அவர்கள் பேச்சில் இருக்கிறது. ஆனால் ஆழிப்பேரலையை அவர்களோ அவர்களுடைய பெற்றோரோ கண்டதில்லை.

சிமெலூவின் விதியை அப்படியே இங்கே நட்டுவைக்கவும் முடியாது. நிலநடுக்க மையத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 2,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது, கடுமையான அதிர்வு என்ற முதல் அறிகுறியே நமக்குக் கிடைக்கவில்லை. அனுபவ அறிவு இடத்தோடு பிணைந்தது. 2007இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

ஒழுங்கே மாறும்போது

அனுபவத்தின் முதல் நிபந்தனை, உலகம் தன் ஒழுங்கை மாற்றிக்கொள்ளாமல் இருப்பது. காலநிலை மாற்றம் அந்த நிபந்தனையை உடைக்கிறது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது, தூத்துக்குடி மாவட்டத்தின் ஓர் ஆண்டு மழையையே அது விஞ்சியது. நெல்லையில் தாமிரபரணிக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் எந்த அளவு மூழ்கியிருக்கிறது என்று பார்த்தே வெள்ளத்தை மதிப்பிடுவது ஊர்வழக்கம். 1992 நவம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அதுவே பெருவெள்ளத்தின் அளவுகோல். அத்தகைய அளவுகோல்கள் இனி கீழ்வரம்பாகவே பயன்படும்: இவ்வளவு வரை வந்திருக்கிறது, ஆகவே இதற்கு மேலும் வரலாம். மேல்வரம்பாக அவற்றை நம்பினால் கமீலும் கத்ரீனாவும் நமக்கும் நேரும்.

நடைமுறையில் இதன் பொருள்

1. ஒருவருடைய முன்கணிப்பை ஏற்பதா என்று முடிவு செய்யும்போது, எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்பதோடு, அந்த ஆண்டுகளில் அவருடைய கணிப்பு சரியா என்று அவருக்கு எப்படித் தெரியவந்தது என்றும் கேட்க வேண்டும். மகப்பேறு பார்க்கும் மூத்த செவிலியருக்கு அது சில மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. பங்குச்சந்தையை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டிச் சொல்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை.

2. வேகமும் அனுபவமும் ஒரே ஆளிடம் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 2006இல் வணிக விமானிகளின் வயது வரம்பை 60இலிருந்து 65ஆக உயர்த்தியபோது, ஒரு விமானி 60ஐக் கடந்தவராயின் மற்றவர் அதற்குக் குறைந்த வயதினராக இருக்க வேண்டும் என்று விதித்தது. பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனாலும் அதிலுள்ள சிந்தனை, ஓய்வு வயதை மட்டும் வைத்து இழுபறி நடத்தும் நம் அலுவலகங்களுக்குப் பெரிதும் தேவை. ஓய்வுபெறப்போகும் பொறியாளரோடு இளம் பொறியாளர் ஒருவர், ஒரு பருவமழைக் காலம் முழுவதும் ஏரிக்கரையில் உடன் நின்றிருக்க வேண்டும். எந்த மடை எப்போது திறக்கப்பட்டது, எந்தக் கரை எங்கே கசியும் என்பதெல்லாம் கோப்பில் முழுமையாக எழுதப்படுவதில்லை.

3. முதியோர் நினைவைத் திரட்டும்போது, அந்தக் காலம் எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே வரும். எந்த ஆண்டு, தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, முதலில் எந்தத் திசைக் காற்று அடித்தது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது, எந்தத் தெரு தப்பியது, எந்த வழியாக வெளியேறினார்கள் என்று கேட்க வேண்டும். சொன்ன மட்டத்தைப் பள்ளிச் சுவரிலோ ஊராட்சி அலுவலகச் சுவரிலோ ஆண்டோடு குறித்துவைக்க வேண்டும். தனுஷ்கோடி புயலின்போது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க ஊராட்சிகளும் பள்ளிகளும் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.